நாற்பத்து மூன்று குறைகள்

செவன் கிங்ஸ்
18 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி மலர் எழுதுகிறேன். இவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை, பிள்ளையும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? மச்சாளின் பிரஷர் எப்படி?

போனில் கதைத்தால் மச்சாள் பக்கத்தில் நின்று அழுகிறா, வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை உங்கள் மகன் எடுத்துப் பார்க்கிறான், ஆகவே கடிதம் போடு என்றீர்கள். போட்டாயிற்று. அமெரிக்காவுக்கு முத்திரை கேட்ட என்னைத் தபாற் கந்தோர்ப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள்.

ஜதுசன் எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க மாட்டீர்கள். தகப்பனும் மகனும் கதைக்காமல் இரண்டு வருடம் ஆகிறது. என்ன நடந்தது என்று ஒஹாயோவில் இருக்கிற நீங்களும் சொல்லவில்லை, என் வீட்டில் சாப்பிட்டுப் படிக்கிற அவனும் சொல்லவில்லை. அதனால் வேறு ஒன்று கேட்கிறேன்.

இங்கே பல்கலைக்கழகங்களுக்குள் உங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்போல் லீக் ஒன்று நடக்கிறது. ஜதுசன் அவர்களுடைய அணியின் குவாட்டர்பக். முதல் நாள் சோறு கொண்டுபோன எனக்கு விளங்கியது, நடுவில் நின்று முட்டைப் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் அவன், மற்றப் பக்கத்தார் எல்லோரும் அவனை விழுத்த ஓடி வருகிறார்கள் என்பது மட்டும்தான். அன்றைக்கே அவர்களுடைய குறிப்பெழுதுகிற பெடியன் நின்றுவிட்டான். கவுன்சில் போன் மேசையில் பதினெட்டு வருடம் இருந்து, சனம் ஏசுகிறதைச் சொல் விடாமல் எழுதினவளுக்கு இது ஒரு வேலையா? இப்போது நான்தான் அணியின் குறிப்பாளர்.

குறிப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வாக்கு உண்டு. மார்ச்சில் ‘ஆண்டின் சிறந்த வீரர்’ தெரிய வேண்டும். நான் அவனுடைய மாமி என்று செயலாளரிடம் சொன்னேன். மற்றக் குறிப்பாளர்களும் யாரோ ஒருவருக்குத் தாய் தகப்பன்தான், காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

எல்லோரும் இரண்டு பேரைத்தான் சொல்கிறார்கள். ஒருவன் எங்கள் ஆள். மற்றவன் டாயோ, தென்கரைப் பல்கலைக்கழகத்துப் பிள்ளை. நல்ல உயரம், சிரித்த முகம், கை நீளம், அவசரப்படாதவன். மூன்று ஆட்டத்தில் ஒன்பது தரம் எல்லைக்கு எறிந்து புள்ளி எடுத்திருக்கிறான், எங்கள் ஆள் ஏழு. முப்பது வருடம் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர் நீங்கள். யாருக்குப் போடட்டும்?

மச்சாளிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
சிவமலர்


கொலம்பஸ், ஒஹாயோ
2 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

கடிதம் பதினொரு நாளில் கிடைத்தது. இருமல் இருக்கிறது, ஆனால் வேலைக்குப் போகிறேன். நகுலேஸுக்குப் பிரஷர் மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். மச்சான் ஞானரட்ணத்தைப் படி ஏற விடாதே.

நீ கேட்டதற்குப் பதில். டாயோவுக்குப் போடு.

கார் பிரேக் தகடுகளைப் பார்த்து நல்லது, கூடாதது என்று பிரிப்பதற்குத்தான் இருபத்தாறு வருடமாக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தக் கண்ணால் சொல்கிறேன். உன் மருமகன் பந்தைத் தேவைக்கு மேல் கையில் வைத்திருக்கிறான். பதறினால் இடது காலைப் பின்னுக்கு வைக்கிறான். பந்தை வாங்க மூன்றாவதாக ஓடுகிற ஆளைப் பார்ப்பதே இல்லை. எட்டு வயதில் இருந்து சொல்லி வந்தேன். கேட்கவில்லை.

சொந்தக்காரி சொந்தக்காரனுக்குப் போட்டால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். அதையும் யோசி.

இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. நீங்கள் கவனமாக இருங்கள்.

அண்ணை
இராசரத்தினம்


செவன் கிங்ஸ்
16 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். அங்கேயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். மச்சாள் அவித்துத் தருவா, நீங்கள்தான் குடிக்க மாட்டீர்கள்.

ஒரு சின்னச் சந்தேகம். இடது காலைப் பின்னுக்கு வைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவன் காலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்றாவதாக ஓடுகிற ஆள் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு உங்கள் கடிதத்தில்தான் தெரியும். எங்கே பார்த்தீர்கள், அண்ணை?

நேற்று டாயோவின் அணியோடு ஆட்டம். மழையும் காற்றும். என் குறிப்புத் தாளைப் பொலித்தீன் பைக்குள் வைத்து எழுதினேன். இருபதுக்குப் பதினான்கு என்று தோற்றுவிட்டோம். மூன்றாம் பகுதியில் இரண்டு பேர் சேர்ந்து ஜதுசனை விழுத்தினார்கள். கொஞ்ச நேரம் எழும்பவில்லை. நான் கையில் இருந்த பேனையைக் கடித்துவிட்டேன். பிறகு எழும்பி, தலைக்கவசத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, அடுத்த பந்தை நாற்பது யார் தூரம் எறிந்தான். பயப்படாதீர்கள், விலாவில் ஒரு கண்டல்தான். நல்லெண்ணெய் தடவிவிட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் டாயோ வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். நல்ல பிள்ளை. ஏசக்கூட மனம் வரவில்லை.

காரில் வரும்போது கேட்டேன், "அப்பாவோட அப்பிடி என்னடா கோபம்?" "விடுங்கோ மாமி" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். நீங்களாவது சொல்லுங்கள்.

வருகிற வருடம் இரண்டு வீட்டுக்கும் நல்லதாக இருக்கட்டும்.

தங்கச்சி
சிவமலர்


கொலம்பஸ், ஒஹாயோ
5 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி மலருக்கு,

புது வருட வாழ்த்து. கொத்தமல்லி குடித்தேன். இருமல் குறைவு. நகுலேஸ் நலம்.

உன் சந்தேகத்துக்கு விளக்கம். அந்தப் பல்கலைக்கழகம் ஆட்டங்களை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டுகிறது. தற்செயலாகத் தட்டுப்பட்டது. உங்களுக்கு மத்தியானம் என்றால் இங்கே காலை எட்டு மணி. ஞாயிறு காலை எனக்கு வேறு வேலை இல்லை. அவ்வளவுதான்.

நீ எழுதியதில் ஒரு பிழை. நாற்பது யார் இல்லை, நாற்பத்து மூன்று. மற்றது, அவன் குளிருக்குக் கையுறை போட்டிருந்தான். எறிகிற கைக்கு உறை போட்டால் மழையில் பந்து வழுக்கும். இடது கைக்கு மட்டும் போட வேண்டும். சூடு வைக்கிற சிறிய பைகள் விற்கிறார்கள். இடுப்பில் கட்டுகிற பைக்குள் அதை வைத்தால் போதும். நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயாகக் கண்டுபிடித்ததாகச் சொல்.

டாயோ அவசரப்படாதவன். வாக்கு அவனுக்குத்தான்.

விலா எப்படி? நல்லெண்ணெய் போதாது. படம் எடுத்துப் பார்க்கச் சொல்.

அண்ணை
இராசரத்தினம்


செவன் கிங்ஸ்
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. விலாவைப் படம் எடுத்தார்கள், முறிவு இல்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் புக்கை செய்தேன், ஜதுசன் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். சூட்டுப் பையும் வாங்கிக் கொடுத்தேன். "மாமி, உங்களுக்கு இதெல்லாம் ஆர் சொன்னது?" என்றான். ஆட்டம் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது என்று பச்சைப் பொய் சொன்னேன்.

நேற்றுக் கென்ற் பக்கம் போய் வென்று வந்தோம். திரும்பி வரும்போது டார்ட்போர்ட் பாலத்தில் ஒரு மணித்தியாலம் வாகனங்கள் அசையவில்லை. வென்ற சந்தோஷமோ, நெரிசலில் வேறு கதை இல்லையோ, அவனே சொல்லத் தொடங்கினான்.

அவன் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கும்போது ஒரு கல்லூரிக் கோச் உங்கள் வீட்டுக்கு வந்தாராம். அவனைத் தங்கள் அணிக்கு எடுக்கிற எண்ணத்தோடு வந்தாராம். மச்சாள் ரோல்ஸ் பொரித்து வைத்தாவாம். இவன் மாடிப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தானாம். நீங்கள் அந்தக் கோச்சுக்குச் சொன்னீர்களாம், "அவன் சோம்பேறி. பெரிய இடத்துக்கு அவன் காணாது. இவனைவிட நல்ல பெடியள் இருக்கிறாங்கள்." கோச் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, உள்ளதைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாராம். அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போய்விட்டதாம்.

"என்ரை அப்பாவே எனக்கு எதிரா வோட் போட்டவர், மாமி" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் நல்லது.

அண்ணை, எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. எங்கள் ஆட்கள் யார்தான் தன் பிள்ளையை மற்றவனுக்கு முன்னால் மெச்சியது? மெச்சினால் நாவூறு, பிள்ளைக்குக் கண் பட்டுவிடும். ஆகவே "இவன் ஒண்டுக்கும் உதவான்" என்போம். வந்தவர் "சும்மா சொல்லாதேங்கோ, தங்கமான பிள்ளை" என்று மறுப்பார். நாங்கள் இல்லை இல்லை என்போம். அவர் இன்னும் கொஞ்சம் மறுப்பார். எல்லோருக்கும் மனம் குளிரும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சமைக்கத் தெரியாது, வாய் வேற நீளம்." இவரின் தாய் உடனே, "வாயில்லாட்டி எப்பிடிக் குடும்பம் நடத்துறது" என்றா. கலியாணம் முடிந்தது. அந்த வெள்ளைக்காரனுக்கு மறுக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தது? சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான்.

இவனுக்கும் அது தெரியாது. அங்கே பிறந்த பிள்ளை. நான் விளக்கப் போனேன், "மாமி, ப்ளீஸ்" என்று காதுக்குள் பாட்டைப் போட்டுவிட்டான். நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் காணாது.

இன்னொன்று. வாக்குத் தாளில் காரணம் எழுத வேண்டும். நீங்கள் இரண்டு பேரையும் அருகருகே வைத்து எழுதி அனுப்பினால் எனக்கு உதவி.

மச்சாளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி
சிவமலர்


கொலம்பஸ், ஒஹாயோ
9 பெப்ரவரி 2025

அன்புத் தங்கச்சி மலருக்கு,

இங்கே நாங்கள் சுகம். விலாவில் முறிவில்லை என்று அறிந்து நிம்மதி. பதில் பிந்திவிட்டது. நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

நீ எழுதியது உண்மை. அவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். நகுலேஸ் இரண்டாம் முறை தேத்தண்ணி கொண்டு வரும்வரை காத்திருந்தேன். அவர் கொப்பியை மூடிவிட்டு எழும்பினார். அந்த நேரமாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த மனிதரை நிறுத்தி, என் பிள்ளை திறம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. மூன்றாம் நாள் அவருக்குப் போன் எடுத்தேன். "தகப்பனே அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன செய்வது? இடம் கொடுத்தாயிற்று" என்றார். போன் எடுத்ததை நகுலேஸுக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஜதுசனுக்குச் சொல்லாதே. நடந்தது நடந்ததுதான், இனிச் சொல்லி என்ன.

நீ கேட்ட ஒப்பீட்டைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் டாயோ, வலது பக்கம் அவன். உன் வாக்கை டாயோவுக்கே போடு.

அண்ணை
இராசரத்தினம்


செவன் கிங்ஸ்
19 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு விருப்பம். உடம்பளவில் சுகம்தான்.

நான் ஒரு மடைத்தனம் செய்துவிட்டேன். உங்கள் கடிதத்தை அலுமாரியில் சேலைக்கு அடியில் ஒளித்தேன். ஒப்பீட்டுத் தாளை வாக்குக்குத் தேவைப்படும் என்று குறிப்பு எழுதுகிற கோப்புக்குள் வைத்தேன். எல்லாத் தாளும் அதற்குள்தான், அதுதான் என் பழக்கம். ஞாயிறு ஆட்டம் முடிய, தான் எத்தனை யார் தூரம் எறிந்தான் என்று பார்க்க ஜதுசன் கோப்பைத் திறந்தான்.

உங்கள் எழுத்தைக் கண்ட உடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூட நாளில் ஒவ்வொரு ஆட்டம் முடியவும் இப்படி ஒரு தாள் எழுதி பிரிட்ஜில் ஒட்டுவீர்களாமே? எனக்குத் தெரியாது. மைதானத்திலேயே நின்று, எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரைக்கும் வாசித்தான். "இஞ்சையும் வந்திட்டார்" என்றான். தாளை மடித்துத் திரும்பக் கோப்புக்குள் வைத்தான். என்னோடு வீட்டுக்கு வரவில்லை. மூன்று நாளாக ரெய்னர்ஸ் லேனில் ஒரு சிநேகிதனின் வீட்டில் நிற்கிறான். பயிற்சிக்கும் போகவில்லையாம். இனி விளையாட மாட்டேன் என்று அணிக்காரரிடம் சொன்னானாம்.

பிழை என்னுடையது. ஆனால் நீங்கள் கோச்சுக்குப் போன் எடுத்த கதையை அவனுக்குச் சொல்லாதே என்று என் வாயைக் கட்டியது நீங்கள். அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே எழுதுங்கள். இரண்டில் ஒன்று, கெதியாக.

சிவமலர்


கொலம்பஸ், ஒஹாயோ
3 மார்ச் 2025

அன்புள்ள மலருக்கு,

நகுலேஸ்வரி எழுதுகிறேன். நீரும் இவரின் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும். உம்முடைய கடிதத்தை அண்ணை வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தார். ஐந்து நாளாக அந்தச் சட்டையைத் தோய்க்கத் தரவில்லை. நான் எடுத்து வாசித்தேன். அவருக்குத் தெரியாது.

அவர் எழுத மாட்டார். ஆகவே நான் கண்டதை எழுதுகிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரிவிக்கு முன்னால் நிற்பார். இருக்க மாட்டார். சாப்பாடும் வேண்டாம். ஒரு கொப்பி, ஒரு பென்சில். பிள்ளையை இரண்டு பேர் விழுத்தின அன்றைக்கு வெளியில் போய், கோட்டும் போடாமல் பனிக்குள் நின்றார். "எழும்பிட்டான், வாங்கோ" என்று நான் போய்ச் சொன்ன பிறகுதான் உள்ளே வந்தார். இருந்த இருமல் அதோடு கூடினதுதான். இரண்டு வருடத்துக்கு முதல் அந்தக் கோச்சுக்குப் போன் எடுத்ததும் எனக்குத் தெரியும். குளியலறைக்குள் நின்று கதைத்தார், கேளாமல் இருக்குமா?

அந்தத் தாளை ஒருக்கால் எடுத்துப் பாரும், மலர். டாயோ பக்கம் எத்தனை வரி, பிள்ளையின் பக்கம் எத்தனை வரி என்று எண்ணும். டாயோ விளையாடின வேறு எந்த ஆட்டத்தையும் இவர் பார்க்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே விளையாடின அன்றைக்கும், டாயோவின் கையில் பந்து வந்தால் இவர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

இதைப் பிள்ளைக்குக் காட்டும். போன் எடுத்த கதையையும் சொல்லும். நான் சொல்லச் சொன்னேன் என்றே சொல்லும். பேச்சு விழுந்தால் எனக்கு விழட்டும்.

அவன் சாப்பிடுகிறானா?

நகுலேஸ்


செவன் கிங்ஸ்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இவர் இப்போது தடி இல்லாமல் நடக்கிறார். நானும் நலம். ஜதுசன் வீட்டுக்கு வந்துவிட்டான், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று மச்சாளுக்கு முதலில் சொல்லுங்கள்.

மச்சாள் எனக்கு எழுதினா. கோபிக்க வேண்டாம். நான் ரெய்னர்ஸ் லேனுக்குப் போய் அந்தக் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கோச்சுக்குப் போன் எடுத்ததையும் சொன்னேன். நாவூறு, மறுப்பு, என்னைப் பெண் பார்த்த கதை எல்லாம் சொன்னேன். இந்த முறை காதுக்குள் பாட்டுப் போடவில்லை.

பிறகு தாளை எடுத்து எண்ணினோம். டாயோ பக்கம் ஐந்து வரி. நல்ல உயரம். சிரித்த முகம். கை நீளம். அவசரப்படாதவன். மூன்று ஆட்டத்தில் ஒன்பது. அண்ணை, அது என் முதல் கடிதம். சிரித்த முகத்துக்கு இந்த ஆட்டத்தில் என்ன வேலை? அப்படியே பார்த்து எழுதியிருக்கிறீர்கள், ஒன்பதைக்கூட மாற்றவில்லை. ஜதுசன் பக்கம் நாற்பத்து மூன்று வரி. எந்த ஆட்டம், எந்த நிமிடம், எந்தக் கால் என்று ஒவ்வொன்றும். அவன் விரலை வைத்து இரண்டு தரம் எண்ணினான். "இவர் டாயோவைப் பார்க்கவே இல்லை, மாமி" என்றான். சிநேகிதனின் தாய் வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் தாளை என் பிரிட்ஜில் ஒட்டிவிட்டான். மறு நாள் பயிற்சிக்குப் போனான்.

இனி விருது. யாருக்குப் போடட்டும் என்று அவனையும் கேட்டேன். "டாயோ தான் மாமி. அவனோட விளையாடினவன் நான், எனக்குத் தெரியும்" என்றான். தகப்பனும் அதுதான், மகனும் அதுதான். சனம் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறதுதான் என் வேலை. டாயோவுக்கே போட்டேன்.

நேற்று விருந்தில் முடிவு சொன்னார்கள். பதினேழு வாக்கு. டாயோவுக்கு ஒன்பது, ஜதுசனுக்கு எட்டு.

உங்கள் சொல் நிறைவேறிவிட்டது. சந்தோஷம்தானே?

தங்கச்சி
சிவமலர்


கொலம்பஸ், ஒஹாயோ
3 ஏப்ரல் 2025

மலர்,

நான் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும்.

ஒன்பதுக்கு எட்டா? உன் ஒரு வாக்கா? நான் சொன்னால் நீ போடுவதா? நீ என் கூடப் பிறந்தவள்தானே, உனக்குமா விளங்கவில்லை? அந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது?

அந்த நடுவர்களுக்குக் கண் இல்லையா? பந்தைத் தேவைக்கு மேல் வைத்திருக்கிறான் என்று எழுதினேன். ஏன் வைத்திருக்கிறான்? தன் ஆள் போய்ச் சேரும்வரைக்கும் எறியாமல், அடி விழும் என்று தெரிந்தும் நிற்கிறான். இடது காலைப் பின்னுக்கு வைக்கிறான், ஆனால் அந்தக் காலில் நின்றே நாற்பத்து மூன்று யார் எறிந்தான். முறியாத குறைதான், அந்த விலாவோடு எறிந்தான். டாயோ அப்படி எறிவானா? எனக்குத் தெரியாது. ஜதுசன் சொன்னது சரி. நான் டாயோவைப் பார்க்கவில்லை.

நாவூறு படுமென்றால் படட்டும். என்றைக்கோ எழுதியிருக்க வேண்டும், இப்போது எழுதுகிறேன். அந்த லீக்கில் என் மகன் ஜதுசனைவிடத் திறமான குவாட்டர்பக் இல்லை. இரண்டு வருடத்துக்கு முதல் அந்தக் கோச் வந்த அன்றைக்கும் இல்லை. அன்றைக்கு அதைச் சொல்லாதது என் பிழை. அவனுக்கு நான் செய்தது பெரிய அநியாயம்.

இந்தக் கடிதத்தைச் சேலைக்கு அடியில் வைக்காதே. மேசையில் போட்டுவிடு.

இராசரத்தினம்


செவன் கிங்ஸ்
14 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமோ? கடிதம் இப்பிடித்தான் தொடங்கோணும் எண்டு மாமி சொன்னா. புது வருட வாழ்த்துக்கள். எழுத்துப் பிழை எல்லாம் மாமி திருத்தினவா. மிச்சம் இருந்தா அது சமையல் மேசையில நீங்கள் படிப்பிச்ச தமிழ்.

உங்கட கடிதம் மேசையில கிடந்தது. வாசிச்சன். ரெண்டு தரம்.

பிரிட்ஜில இருக்கிற தாளில பன்ரெண்டாவதும் முப்பத்தோராவதும் பிழை. முப்பத்தோராவதில நான் பயந்து விழேல்லை, சேத்தில வழுக்கினது. மற்ற நாப்பத்தொண்டும் சரி. மூண்டாவது ஆளை இப்ப பாக்கிறன்.

இறுதி ஆட்டத்துக்கு வந்திட்டம். மே மாதம் பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, டாயோவின்ரை அணியோட. அது பெரிய ஆட்டம் எண்டு இல்லை. மைதானம் சின்னன். இருக்க ஒழுங்கான இடம் இல்லை, மாமியின்ரை மடக்குக் கதிரையில முதுகு நோகும். மழையும் பெய்யும். அம்மாவுக்கு அந்தக் குளிர் சரிவராது. நான் அவ்வளவு நல்லா விளையாடுவன் எண்டும் இல்லை. இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்து பார்க்கிற அளவுக்கு அதில ஒண்டும் இல்லை.

மாமி இன்னும் ரெண்டு கதிரை வாங்கி வச்சிருக்கிறா.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டன். இனி நீங்கள்தான் மறுக்கோணும், அப்பா.

ஜதுசன்